டிவிடி டிரைவ் இல்லாத புதுக் கணினியை வாங்கலாமா?

ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதவாறு அதன் சாரத்தை இங்கே தருகிறேன். விண்டோஸ் 7 ஓடும் அவருடைய பழைய மேசைக் கணினி அடிக்கடி நின்றுபோவதால், புதிதாக ஒன்று வாங்கச் சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். "டிவிடி டிரைவை இப்போது யாரும் கேட்பதில்லை, இந்தக் கேபினெட்டில் அதைப் பொருத்த இடமும் இல்லை" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டு பீரோவில் ஏறக்குறைய 150 சிடி, டிவிடித் தகடுகள் இருக்கின்றன. மகளின் 2003ஆம் ஆண்டுத் திருமணம் மூன்று விசிடிகளில் இருக்கிறது. மகனின் திருமணம் டிவிடியில் இருக்கிறது. பேத்தியின் முதல் பிறந்தநாள் ஹேண்டிகேமில் பயன்படும் சிறிய தகடுகளில் பதிவாகியிருக்கிறது. கணவரின் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன் சிடிகள், கடையில் வாங்கிய திரைப்படங்கள், பாடல் தொகுப்புகள் ஆகியவையும் உண்டு. இவற்றுடன், வீட்டுக்குப் பின்னால் உள்ள பொதுவழி தொடர்பாக 2021 முதல் சேலம் நீதிமன்றத்தில் நடந்துவரும் வழக்கில் தாக்கல் செய்த கேமரா பதிவின் இன்னொரு பிரதியும் இருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையவழிச் சேமிப்பகத்தில், ஏற்றிவிட்டுத் தகடுகளைத் தூக்கிப் போடச் சொல்கிறார். கொழுந்தனாரோ, தகடு நூறு ஆண்டு இருக்கும், ஹார்ட் டிஸ்க் ஐந்து ஆண்டில் போய்விடும், ஆகவே கைபேசிப் படங்களையும் டிவிடியில் எழுதி வையுங்கள் என்கிறார். இதற்கிடையே சில தகடுகளில் வெண்மையாக ஏதோ படர்ந்திருப்பதை வாசகி கவனித்திருக்கிறார். டிரைவ் உள்ள கணினிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதா, மகன் சொல்வதைக் கேட்பதா என்பது அவர் கேள்வி.

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கணினிக்கு டிரைவ் தேவையா என்பது ஒன்று. உங்களுக்கு டிரைவ் தேவையா என்பது மற்றொன்று. முதலாவதற்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு ஆம், அதுவும் உடனடியாகத் தேவை என்றும் விடை சொல்வேன். கணினிகளைப் பழுதுபார்ப்பதும், படிக்க முடியாமல் போன தகடுகளிலிருந்தும் ஹார்ட் டிஸ்குகளிலிருந்தும் கோப்புகளை மீட்பதுமே என் தொழில் என்பதால், இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் சொன்னது சரியா?

சொன்னது சரிதான், உங்களை ஏமாற்றவில்லை. ஒரு காலத்தில் விண்டோஸ் முதல் பிரிண்டர் மென்பொருள் வரை எல்லாமே சிடியில் வந்ததால் டிரைவ் இல்லாமல் கணினியை அமைக்கவே இயலாது. இப்போது விண்டோஸை பென்டிரைவிலிருந்து நிறுவுகிறோம், மற்றவை இணையத்தில் இறங்குகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2008இலேயே மேக்புக் ஏர் மடிக்கணினியை டிரைவ் இல்லாமல் வெளியிட்டது, பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. மேசைக் கணினியின் கேபினெட்டிலும் டிரைவுக்கான முகப்பு இடத்தை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்துக்கு மின்விசிறிகளை வைக்கிறார்கள்.

எனவே டிரைவுக்காகப் பழைய மாதிரிக் கேபினெட்டைத் தேடி அலைய வேண்டாம். யூஎஸ்பி வடத்தில் இணைக்கும் வெளிப்புற டிவிடி ரைட்டர் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே பொருத்தியதைவிட இது தரம் குறைந்தது என்று நீங்கள் எண்ணியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. வேகம் சற்றுக் குறைவு என்பது உண்மை, ஆனால் தகட்டில் இருப்பதைப் படிப்பதில் அதனால் குறை எதுவும் வராது. உங்களைப் போல மலைமேல் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. டிரைவ் பழுதானால் கணினிப் பெட்டி முழுவதையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவர வேண்டாம், டிரைவை மட்டும் கைப்பையில் போட்டு எடுத்து வரலாம்.

வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனியுங்கள். தகடு தானாக உள்ளே இழுக்கப்படும் வகையைத் தவிர்த்து, தட்டு வெளியே வரும் வகையையே கேளுங்கள். ஹேண்டிகேமின் 8 செ.மீ. தகடு இழுக்கும் வகைக்குள் போனால் சிக்கிக்கொள்ளும். மின்சாரம் போதாமல் சில டிரைவுகள் சுற்றத் தொடங்கி உடனே நின்றுவிடும் என்பதால், வடத்தைக் கணினியின் பின்பக்கத் துளையிலேயே செருகுங்கள். பழைய கணினியில் இருக்கும் டிரைவைக் கழற்றி யூஎஸ்பி வடத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு 12 வோல்ட் தரும் தனி அடாப்டர் தேவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ப்ளூரே டிரைவ் உங்களுக்கு வேண்டியதில்லை, உங்கள் பட்டியலில் ஒரு ப்ளூரே தகடுகூட இல்லை.

புதிய விண்டோஸில் டிவிடிப் படம் தானாக ஓடாது. விண்டோஸ் 8 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் டிவிடி, விசிடி இரண்டையும் பார்க்கலாம். டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு வருபவர்களில் பலருக்கு இது ஒன்றுதான் தேவைப்படுகிறது.

நூறு ஆண்டு என்ற நம்பிக்கை

உங்கள் கொழுந்தனார் சொல்வது முழுக்கத் தவறு அல்ல, ஆனால் உங்கள் பீரோவில் இருக்கும் தகடுகளுக்கு அது பொருந்தாது. கடையில் வாங்கிய திரைப்படத் தகடு தொழிற்சாலையில் அச்சில் வார்த்தது. அதில் தரவு என்பது பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்ணிய பள்ளங்கள்தான். திருமண வீடியோக்காரரும் ஸ்கேன் மையத்தாரும் கொடுத்தவை எழுதும் தகடுகள். அவற்றில் ஒரு சாயப் படலத்தை லேசரால் சுட்டுப் பதிவு செய்திருப்பார்கள். அடிப்புறத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: நீலமோ பச்சையோ கலந்த நிறத்தில், மையத்தை ஒட்டிய வளையம் மட்டும் சற்றுக் கருத்திருக்கும். அந்தக் கருத்த வளையம்தான் உங்கள் மகளின் திருமணம். வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றிவிடும். உற்பத்தியாளர்கள் சொல்லும் நீண்ட ஆயுள், ஆய்வுக்கூடத்தில் வேகமாக முதுமையடையச் செய்து கணக்கிட்ட மதிப்பீடு, ஈரக்காற்றில் இருபது ஆண்டு கிடந்த தகட்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, நீண்டநாள் சேமிப்புக்குக் காற்றின் ஈரப்பதம் 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மழை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும் ஏற்காட்டில் அந்த அளவைக் காப்பது எளிதல்ல. கீழே சேலத்தில் ஈரம் குறைவு, ஆனால் கோடை வெயிலில் தகரக் கூரையின் கீழோ காரின் முன்பலகையிலோ விட்ட தகடு வேறு வகையில் கெடுகிறது.

நீங்கள் குறிப்பிட்ட வெண்படலம் பூஞ்சையாக இருக்கலாம். வெப்பமண்டல நாடான பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியில், பூஞ்சை உள்ளே புகுந்து அலுமினியப் படலத்தையே அரித்திருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தார்கள். ஆகவே அதைத் தூசி என்று விட்டுவிட வேண்டாம். மேற்பரப்பில் மட்டும் படர்ந்திருந்தால், மென்மையான சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் நனைத்த பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தரவு வட்டச் சுற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிடியில் ஏறக்குறைய 2.5 மி.மீ. நீளத்துக்குத் தொடர்ச்சியாகத் தரவு அழிந்தாலும் பிழைதிருத்தும் முறை அதை ஈடுசெய்துவிடும், ஆனால் வட்டமாக விழும் கீறல் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

மக்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிடியின் பளபளப்பான அடிப்புறத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள், பெயர் எழுதிய மேற்புறத்தை மேசையில் தேய்க்கிறார்கள். சிடியில் தரவுப் படலம் இருப்பது மேற்புறத்துக்கு நேர்கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில்தான். அடிப்புறக் கீறலையாவது மெருகேற்றிப் பார்க்கலாம், மேற்புறம் உரிந்தால் தரவும் சேர்ந்து போய்விடும். சிடியைக் குழல்விளக்குக்கு நேரே உயர்த்திப் பாருங்கள். ஊசித்துளை போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அந்த இடங்களில் உலோகப் படலம் போய்விட்டது. நீங்கள் ஒட்டியுள்ள காகித லேபிள்களை இப்போது உரிக்க முயலாதீர்கள். டிவிடி, இரண்டு மெல்லிய தட்டுகளின் நடுவே படலம் இருக்கும் அமைப்பு என்பதால் இந்த ஆபத்து அதற்குக் குறைவு. நடுத்துளையில் விரிசல் விட்ட தகடு எதுவானாலும் டிரைவில் போட வேண்டாம், வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே சிதறிவிடும்.

மகன் சொல்வதில் எவ்வளவு சரி?

படியெடுக்க வேண்டும் என்பது சரி. தூக்கிப் போடுவதும், கிளவுட் ஒன்றையே நம்புவதும் சரியல்ல. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி என்பது மூன்று முழு டிவிடிகளுக்குத்தான் போதும், அதிலும் உங்கள் மின்னஞ்சல்கள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கூடுதல் இடத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு தொட்டுப் பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கும் விதியும் அங்கே உண்டு. மலைமேல் இணைய வேகம் எப்படி என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 150 தகடுகளும் முழுக்க நிரம்பிய டிவிடிகளே என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஏறக்குறைய 705 ஜிபிதான் வரும். 1 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் அனைத்தும் அடங்கிவிடும். அப்படி இரண்டு வாங்கி, ஒரே மாதிரி இரண்டிலும் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை மகனிடம் பெங்களூரிலும் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஐந்து ஆண்டில் போய்விடும் என்ற கொழுந்தனாரின் கவலைக்கு இதுதான் விடை: எந்த ஒரு பொருளும் என்றாவது போகத்தான் செய்யும், இரண்டும் ஒரே நாளில் போவது அரிது. ஆண்டுக்கொரு முறை இரண்டையும் இணைத்துக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திருமணப் படங்களை மட்டும் மூன்றாவது பிரதியாகக் கிளவுடில் வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவை நீண்டநாள் சேமிப்புக்கு நம்பாதீர்கள், பயன்படுத்தாமல் வைத்தால் அதில் உள்ள மின்னூட்டம் காலப்போக்கில் கசிந்துவிடும்.

கைபேசிப் படங்களை டிவிடியில் எழுதும் யோசனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒருமுறை எழுதிய தகட்டை வைரஸாலோ, தவறிப்போய் அழுத்திய பொத்தானாலோ அழிக்க முடியாது. ஆனால் 128 ஜிபி நிறைந்த ஒரு கைபேசிக்கு 28 டிவிடி வேண்டும். எழுதும் ப்ளூரே தகடுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்திவிட்டது, மற்ற வெற்றுத் தகடுகளும் கடைகளில் அருகி வருகின்றன. புதிதாக இந்த வழியில் நீங்கள் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படியெடுக்கும்போது

டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ஒரு கோப்பை மட்டும் எடுக்காமல் ஃபோல்டர் முழுவதையும் படியெடுங்கள். நிறைந்த ஒரு டிவிடிக்கு 10 முதல் 15 நிமிடம் ஆகும். விசிடியில் 'எம்பெக் ஏவி' ஃபோல்டருக்குள் 'டாட்' என்று முடியும் பெரிய கோப்புதான் படம், அதை விஎல்சி நேரடியாகத் திறக்கும். அந்தப் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே என்பதால் புதிய பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். தகடு கெட்டதால் அப்படி ஆனது என்று வருந்த வேண்டாம், எடுத்த அன்றும் அது அவ்வளவுதான்.

டிரைவ் ஒரு தகட்டைச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றிச் சுற்றித் தேடும் ஓசை கேட்டால், பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். வெளியே எடுத்துத் துடைத்து, பழைய கணினியின் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை இன்னொன்று தயங்காமல் படிப்பது அன்றாடம் நடப்பதுதான். அதனால் பழைய கணினியைப் பழைய பொருள்காரரிடம் போடுவதை இந்த வேலை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியுடன் பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டதால், இணையத்தில் இணைக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பேத்தியின் பிறந்தநாள் தகடுகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹேண்டிகேம் தகட்டைப் பதிவு முடிந்ததும் கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து மூட வேண்டும். பலர் அதைச் செய்யாமலே விட்டிருப்பார்கள். அத்தகைய தகட்டைக் கணினி வெற்றுத் தகடு என்று காட்டும், எழுதுவதற்கு ஆயத்தப்படுத்தலாமா என்றுகூடக் கேட்கும். எதற்கும் சம்மதம் தராமல் தகட்டை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் கேமரா வீட்டில் இருந்து இயங்கினால் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும், தரவு மீட்கும் மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிட முடியும்.

கடையில் வாங்கிய திரைப்படத் தகடுகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்கும். அதை உடைப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவை நோக்கி நம்மை இழுக்கும் என்பதால் அவற்றைத் தகட்டிலிருந்தே பாருங்கள். டிரைவ் வாங்கி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழக்குக்கான சிடி

இதைப் படியெடுப்பதே குற்றமாகிவிடுமோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். ஆகாது. எழுதி முடித்த சிடியைப் படிப்பதால் அதில் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் படியெடுத்துவிட்டோமே என்று அந்தத் தகட்டைக் கழித்துவிடக் கூடாது. அதன்மேல் எழுதவோ எதையும் ஒட்டவோ வேண்டாம், கெட்டியான உறையில் தனியாக வையுங்கள்.

சிடி ஒன்றே சாட்சியம் ஆகிவிடாது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகத் தரும்போது இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி(4) பிரிவின்படியான சான்றிதழ் கட்டாயம் என்று, அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. பதிவு முதலில் சேமிக்கப்பட்ட கருவியையே முன்னிலைப்படுத்தினால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதன் 63ஆம் பிரிவு கோப்பின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் கேட்கிறது. கோப்பில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் எண்வரிசை அது. எனினும் அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்று 170ஆம் பிரிவு கூறுவதால், உங்கள் வழக்கில் 65பி சான்றிதழ் தாக்கலாகியிருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் சட்டம் பயின்றவன் அல்லன், இதில் அவர் சொல்வதே முடிவு. தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கேமராவின் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி, இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அன்றைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியாக வைத்திருந்தீர்கள் என்றால், அதை எந்தக் கணினியிலும் மாட்டிப் பார்க்காமல் அப்படியே வழக்கறிஞரிடம் தெரிவியுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

ஸ்கேன் தகடுகளிலிருந்து தொடங்குங்கள். கணவருக்கு மறுபரிசோதனை நெருங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவருக்கு முக்கியம். ஸ்கேன் மையங்கள் பழைய பதிவுகளை எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்த சிடிகளில் படங்கள் 'டைகாம்' என்ற மருத்துவ வடிவில் இருக்கும். திரையில் தெரிவதைக் கைபேசியில் படமெடுத்து வைப்பது அதற்கு ஈடாகாது, ஏனெனில் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் அடுக்கடுக்காக நகர்த்திப் பார்ப்பதும் மூலக் கோப்பில்தான் இயலும். 'டைகாம்டிர்' என்ற கோப்பு உட்படத் தகட்டில் உள்ள அனைத்தையும், தேதி எழுதிய தனித்தனி ஃபோல்டரில் படியெடுத்து, மருத்துவமனைக்குப் போகும்போது பென்டிரைவில் ஒரு பிரதியும் அசல் சிடியும் சேர்த்தே கொண்டுபோங்கள். சில மருத்துவமனைகளில் வெளியார் பென்டிரைவைச் செருக அனுமதிப்பதில்லை, அங்கே சிடிதான் உதவும்.

அடுத்து வழக்கின் சிடி, பிறகு ஹேண்டிகேம் தகடுகள், அதன்பின் இரு திருமணங்கள். பாடல் தொகுப்புகள் கடைசியில் வரட்டும், அவற்றில் பெரும்பாலானவை வேறிடத்திலும் கிடைக்கும். நாளைக்கு ஐந்தாறு தகடுகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். படியெடுத்த தகடுகளைத் துணிப்பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்குகளிலும் திறந்து பார்த்துச் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு, வழக்கின் சிடியும் ஸ்கேன் சிடிகளும் தவிர மற்றவற்றை வைத்துக்கொள்வதும் கழிப்பதும் உங்கள் விருப்பம். ஐந்து ரோட்டுக் கடையில் பார்த்த அதே கணினியை வாங்கிக்கொள்ளுங்கள், பட்டியலில் வெளிப்புற டிவிடி ரைட்டர் ஒன்றையும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.